பாலத்தின் மேல் ஒரு புள்ளி

மறுபடியும் அனல். கொஞ்சம் முன்புதான், காட்பாடி பாலத்தில் ஏறும்போது, ஏசியிலிருந்து வந்த காற்று விரல் நுனியைக் கூசச் செய்கிற அளவுக்குக் குளிர்ந்திருந்தது. அப்பாடா என்று இந்துஜா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஒரு மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் குளிர் செத்து, வெதுவெதுத்து, இதோ இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கிறது. திரையில் இவள் வைத்த இருபது, கண்ணெதிரிலேயே விறுவிறுவென்று ஏறிக் கடைசி எண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. யாரும் தொடவில்லை. தொட இங்கே யார் இருக்கிறார்கள். பின் சீட்டில், குழந்தைக்கென்று வாங்கிய இருக்கையில், பட்டைக்குள் துவண்டு கிடக்கிற ஒன்பது மாத இயல் இருக்கிறாள், அவளுக்குத் தன் மூக்கைத் தொடவே இன்னும் சரியாகத் தெரியாது. நேற்று தடுப்பூசி. இன்று மதியம் காய்ச்சல் நூற்றிரண்டு. நூற்றிரண்டைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு வாங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார், தாண்டுகிற வரைக்கும் காத்திருக்க எந்தத் தாயால் முடியும், தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள், கிளம்பி இந்தப் பாலத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். முன்னால் சிமெண்டு லாரி, பின்னால் வாலாஜா பஸ், இடது பக்கம் ஒரு ஆட்டோ, வலது பக்கம் பாலத்துச் சுவர், சுவருக்குக் கீழே தண்டவாளம், தண்டவாளத்தின் மேல் நெளிகிற கானல். வேலூர் வெயிலைப் பற்றி ஊரெல்லாம் கிண்டல் பேசும். பேசட்டும். வந்து இந்தப் பாலத்தில் ஒரு கைக்குழந்தையோடு நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஜன்னலை இறக்கினால் என்ன. இறக்கினாள் ஏற்கெனவே. சிமெண்டு லாரியின் புகையும் பொடியும் உள்ளே வந்து, குழந்தை இருமி, இருமலோடு பால் கக்கி, கக்கியது கழுத்து மடிப்பில் காய்ந்து புளித்த வாடை அடித்தது. ஏற்றினாள். விசிறியை மொத்தமாக அணைத்துப் பார்த்தாள். அணைந்த விசிறி கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து, என்னையா அணைக்கிறாய் என்பதுபோல் இன்னும் பலமாக அனலைத் துப்பியது. வண்டிக்கு ரோஷம் வேறு. பெட்ரோல் வண்டியாக இருந்தால் பானட்டைத் திறந்து எதையாவது முறைத்துப் பார்க்கலாம், வழியில் போகிற ஒரு மெக்கானிக்காவது எட்டிப் பார்ப்பான். இந்தக் கரண்ட் வண்டியில் திறந்தால் ஒரு மூடிக்குக் கீழே இன்னொரு மூடி, அதன் மேல் மின்னல் படம், தொடாதே. சத்தம் போடாது, புகை விடாது, வண்டி இல்ல இந்து, இது ஒரு கம்ப்யூட்டர், என்று புருஷன் பிரதாப் வாங்கிய அன்று சொன்னான். மார்கழியில் ஏலகிரி போயிருந்தபோது, விடுதிக் கட்டிலில் படுத்தபடியே போனை அமுக்கி வெளியே நின்ற வண்டியைச் சூடாக்கிக் காட்டினான். அவன் அம்மா, இவளுக்கு அத்தை, அந்தப் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடேங்கப்பா, அடுப்பில்லாம வெந்நி வைக்கிற மாதிரியில்ல இருக்குது என்று சிரித்தார். அன்று இந்துவும் சிரித்தாள். ஒருவேளை அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது வட்டி.

கால் சென்டர் பையன் நல்ல பையன். அதுதான் எரிச்சல். "மேடம், டென்ஷன் ஆகாதீங்க மேடம். ஏசி பட்டன்ல லைட் எரியுதா?" எரியுது. "உள்காத்து சுத்துற மாதிரி போட்டிருக்கீங்களா?" போட்டிருக்கேன். "ஓகே மேடம், ஸ்கிரீன அணைச்சு ஆன் பண்ணிப் பாருங்க." பண்ணினாள். குளிர் வந்தது. தேங்க் யூ ஸோ மச் என்று சொல்லக்கூடச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பழகிய அந்த வழவழப்பான குரலில். சொல்லி வைத்துவிட்டு ஒரு கார் நீளம்தான் நகர்ந்திருப்பாள், மறுபடி எண் ஏறியது. மறுபடி கூப்பிட்டாள். "கேஸ் லீக்கா இருக்கலாம் மேடம்." கேஸ் இல்லாட்டி குளிரவே குளிராதே, இது குளிர்ந்து குளிர்ந்து சுடுதே. "ஆமா மேடம், அது கொஞ்சம் விசித்திரமாத்தான் இருக்கு. நம்பர் தானா மாறுதுன்னா ஸ்கிரீன் கோளாறு. யாரோ தொடுற மாதிரி அதுவே நெனச்சுக்கும் மேடம். பேய்த் தொடுதல்னு சொல்வோம்." சொல்லிவிட்டு அவனே லேசாகச் சிரித்தான். "சர்வீஸுக்குக் கொண்டு வந்துடுங்க." எங்கே. "ஸ்ரீபெரும்புதூர் மேடம்." இங்கே லாரிக்குப் பின்னால் ஒரு அடி நகர வழியில்லை, ஸ்ரீபெரும்புதூராம். உங்க பொறுமைக்கு நன்றி மேடம் என்றான். பொறுமை. யாரிடம் இருக்கிறது பொறுமை. இருந்ததையெல்லாம் காலையிலேயே துடைத்து எடுத்தாகிவிட்டது.

காலையில் சாக்ஸ். குழந்தை உடம்பு அடுப்பாகக் கொதிக்கிறது, இவள் சட்டையைக் கழற்றி மெல்லிய துணியாகப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள், குளித்து வந்து பார்த்தால் குல்லா, சாக்ஸ், மேலே கம்பளி, ஜன்னல் சாத்தி, பேன் அணைத்து, குழந்தை வேகவைத்த கிழங்குபோல் கிடக்கிறது. பக்கத்தில் அத்தை, கையில் விபூதியோடு, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு. "காய்ச்ச ஒடம்புக்குக் காத்து ஆவாதும்மா. நல்லா வேர்க்க வுட்டா தானா எறங்கிடும். பிரதாப்புக்கு எத்தன தடவ எறக்கியிருக்கேன்." டாக்டர் அப்படிச் சொல்லலை அத்தை. "டாக்டரு சொல்லுவாரு. வூட்டுக்கு வந்து ராத்திரி முழிக்கப் போறது யாரு, டாக்டரா?" இவள் சாக்ஸைக் கழற்றினாள். இவள் தெர்மாமீட்டர் எடுத்து வருவதற்குள் சாக்ஸ் மறுபடி காலில் இருந்தது. கழற்றினாள். பால் கலக்கி வருவதற்குள் மறுபடி. ஒருவரோடொருவர் ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு குழந்தையின் இரண்டு காலில், இரண்டு பெண்கள் ஒரு காலை முழுக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் அத்தை சாமியறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, குழந்தையையும் பையையும் அள்ளிக்கொண்டு, சொல்லாமல், ஆமாம் சொல்லாமல்தான், கிளம்பி வந்துவிட்டாள். சொல்லியிருந்தால் கூட வருவார். கூட வந்தால் கம்பளியும் கூட வரும். வாசல் கேட்டைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தாள், அத்தை வாசலுக்கு ஓடி வந்து, செருப்புக்கூட இல்லாமல், ஒரு கையைத் தூக்கி நின்றது தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கணுமா. இல்லை. நிறுத்தாதது சரி. சரியென்றால் ஏன் அந்தக் கை இன்னும் கண்ணாடியிலேயே நிற்கிறது.

திரும்பிப் பார்த்தாள். இயலின் கண் பாதி மூடியிருந்தது. மூடிய பாதியில் வெள்ளை தெரிகிறதா. தெரியவில்லை. தெரிந்த மாதிரி இருந்தது. இயல், பாப்பா, இங்க பாரு, அம்மா பாரு. குழந்தை உதட்டைப் பிதுக்கி முனகியது. முனகினால் சரி, முனகுகிற வரைக்கும் சரி. கான்வென்ட் பள்ளியில், எட்டாம் வகுப்பில், காலை அசெம்பிளியில், பக்கத்து வரிசை அனிதா இப்படித்தான் பாதிக் கண்ணை மூடினாள், மூடினவள் சாய்ந்தாள், சாய்ந்தவள் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை, ஷூ உரசி உரசி மண்ணில் இரண்டு பள்ளம். காய்ச்சலோடு பள்ளிக்கு வந்திருக்கிறாள், பரீட்சைக்குப் பயந்து. சிஸ்டர் எமில்டா ஓடி வந்து இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்தார். வகுப்பில் மூடநம்பிக்கை கூடாது என்று பிரம்பால் மேசையைத் தட்டிச் சொல்கிற அதே சிஸ்டர். பயம் வந்தால் எல்லாருக்கும் கைக்கு ஒரு இரும்பு வேண்டியிருக்கிறது. இந்துஜா கப் வைக்கிற பள்ளத்தில் கிடந்த வண்டிச் சாவியை எடுத்துப் பார்த்தாள். வழவழவென்று கறுப்பு பிளாஸ்டிக். சாவி என்று பேர், உள்ளே ஒரு துளி இரும்பு கிடையாது. இழுத்தால் எதை வைப்பேன் கையில். இந்தப் பளபளப்பு வண்டியில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்பு இல்லையே. சீ, வாயைக் கழுவு. இழுக்காது. நூற்றிரண்டுக்கெல்லாம் இழுக்காது. நூற்றிரண்டு வீட்டில் பார்த்தது. இந்த அனலில் இப்போது எத்தனையோ. பார்க்காதே. பார்த்தால் கை நடுங்கும், நடுங்கினால் வண்டி ஓட்ட முடியாது, ஓட்ட எங்கே வழியிருக்கிறது, அது வேறு. அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தமிழில் பேசினதற்காக பாஸ்கெட்பால் மைதானத்தில் மொட்டை வெயிலில் முட்டி போட வைத்தார்கள். சிமெண்டுத் தரை முட்டியைப் பொரித்தது. ஆஃபர் இட் அப், சைல்ட், ஆண்டவருக்கு அதை ஒப்புக்கொடு என்று தலையைத் தடவிவிட்டுப் போனார் ஒரு சிஸ்டர், அன்பாகத்தான். ஒப்புக்கொடுத்தாள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். வேலையை விட்டதை, தூக்கத்தை, வயிற்றுத் தையலை, காலையில் காபி ஆறிப்போவதை. வாங்கி வாங்கி அந்த ஆண்டவருக்கே அலுத்திருக்கும். குரலை உயர்த்தாதே, லேடி மாதிரி பேசு. லேடி மாதிரி பேசிப் பேசித்தான் தொண்டைக்குள் ஒரு கொள்ளிக்கட்டை எரிகிறது, வெளியே எடுக்கவும் தெரியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வண்டியைக் குறை சொல்லி என்ன, உள்ளேயும் இதே காற்றுதான்.

இருபது என்று அமுக்கினாள். குளிர் வந்தது. இந்த முறை விரலை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள், பூனை எலிவளையைப் பார்க்கிற மாதிரி. இருபது. இருபது. ஆட்டோக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாம்மா, கண்ணாடியத் தொறந்து வுடும்மா, பச்சப் புள்ள வேவுது பாரு" என்றார். எல்லாருக்கும் ஒரு யோசனை இருக்கிறது. ஊரில் ஒரு குழந்தை இருந்தால் ஊரே டாக்டர். சரிங்கண்ணா என்று உதட்டை அசைத்துவிட்டுத் திரும்பினாள், திரும்பின அந்த நொடியில் இருபது ஓடத் தொடங்கியிருந்தது. திரையின் மூலையில் ஒரு சின்னப் போன் படம் மின்னி அணைந்தது. அதை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள், இவள் போன் வண்டியின் பாட்டுப் பெட்டியோடு சேருகிறது என்று நினைத்தாள். காற்று வெந்தது. பிரதாப்பைக் கூப்பிட்டாள், சென்னையில் மீட்டிங்கில் இருப்பான், இருக்கட்டும். எடுக்கவில்லை. கூப்பிடுகிறேன் என்று ஒரு ரெடிமேட் வரி வந்தது. ரெடிமேட் புருஷன், வாரம் அஞ்சு நாள் வரியாக வருவான், ரெண்டு நாள் ஆளாக வருவான். இவளே போனில் பார்க்கலாம் என்றால் இவள் போனில் அந்த ஆப் இல்லை. கேட்டாள், ஒரு வண்டிக்கு ரெண்டு பேர்தான் போட முடியும் இந்து என்றான். ஒன்று அவன். இன்னொன்று அத்தை. நான் ஊர்ல இல்லாதப்ப வண்டி எங்க நிக்குதுன்னு அம்மா பார்த்துப்பாங்க, உனக்குத்தான் சேஃப்டி. ஓட்டுகிறவள் இவள், பார்க்கிறவர்கள் அவர்கள். அத்தை சோபாவில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, போன் படத்தில் ஊர்ந்துபோகிற ஒரு நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார், மளிகைக் கடையில நின்னியாம்மா, ரொம்ப நேரம் நின்னியே. புள்ளிதான் நான். புள்ளிக்கு வாய் எதற்கு.

போன் அடித்தது. வண்டி முழுக்க அடித்தது, எல்லா மூலையிலிருந்தும். அத்தை. எடுக்காமல் விட்டால் மறுபடி அடிக்கும், குழந்தை திடுக்கிடும். எடுத்தாள்.

"ஏம்மா இந்து, ஏன் பாலத்து மேலயே நிக்கிற?"

"டிராபிக் அத்தை."

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல. விளக்க அப்படியே வுட்டுட்டு ஓடியாந்தேன். கையக் காட்டினேன், பாக்கலியா நீ?"

"பார்க்கல அத்தை." சட்டென்று வந்தது பொய், சுத்தமாக, ஒரு சுருக்கமில்லாமல்.

"சரி போவுது. புள்ளைக்கு வேர்த்துச்சா?"

"என்னது?"

"வேர்த்துச்சான்னு கேட்டேன். இங்கருந்து நானும் சூடு வச்சுக்கினேதான் இருக்கேன், நீ என்னாத்தத் தொடுறியோ, திரும்பித் திரும்பிக் குளிருக்குப் போயிடுது. செவப்பு வச்சா நீலம், செவப்பு வச்சா நீலம். வண்டியில எதுனா கோளாறாம்மா? பிரதாப்பு கிட்ட சொல்லட்டுமா?"

அனல் வந்துகொண்டிருந்தது. பேய்த் தொடுதல் என்றானே, பேய்க்கு ஒரு சோபா இருக்கிறது, மூக்குக் கண்ணாடி இருக்கிறது, விபூதி ஒட்டின ஆள்காட்டி விரல் இருக்கிறது. ஏலகிரியில் வெந்நி வைத்த அதே விரல். சாக்ஸைக் கழற்றக் கழற்ற மாட்டின அதே விரல், இவ்வளவு தூரம், ரயில்பாதை தாண்டி, பூட்டின கண்ணாடிக்குள்ளே நுழைந்து, இவள் குழந்தையின் முகத்தில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. இவள் மெனக்கெட்டுத் திரையை அணைத்து ஏற்றி, கால் சென்டர் பையனுக்கு நன்றி சொல்லி, கேஸ் லீக்கு, ஸ்கிரீன் கோளாறு, ஸ்ரீபெரும்புதூர். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதி வழியில் திரும்பி வேறொன்றாகிவிட்டது. கொன்றிருப்பீர்களே. அன்பாகவே கொன்றிருப்பீர்களே. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டு, சிவப்பைத் தொட்டுத் தொட்டு. அந்தம்மாவுக்குத் தெரியாது, தெரியாதுதான், தெரியாதவர்கள் கையில்தான் எல்லாப் பொத்தானும் இருக்கிறது, தெரிந்தவளிடம் ஓட்டுகிற வேலை மட்டும்.

"அத்தை. அந்த செவப்ப இனிமே தொடாதீங்க."

"ஏம்மா, காய்ச்ச—"

"தொடாதீங்க." குரல் உயரவில்லை. சிஸ்டர்கள் கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்கள். ஆனால் அதில் வழவழப்பு இல்லை, அது இவளுக்கே புதிதாக இருந்தது, செருப்பில்லாமல் தரையில் கால் வைத்ததுபோல். "வெளிய நெருப்பா கொட்டுது. உள்ள நீங்க அடுப்பு வைக்கிறீங்க. புள்ள வேர்க்கல அத்தை, வேவுது."

பிறகு மெதுவாக, "நான் மூணு பெத்து ரெண்டத்தான் வளத்தேன் இந்து. ஒன்னு காய்ச்சல்லதான் போச்சு. அப்ப யாரோ பேன் போட்டு வுட்டுட்டாங்க, காத்து பட்டுத்தான் ஜன்னி கண்டுச்சுன்னாங்க" என்றார் அத்தை. கல்யாணமாகி இத்தனை நாளில் யாரும் இவளிடம் சொல்லாத ஒன்று. பாலத்து மேல், லாரிப் புகைக்கு நடுவில், ஸ்பீக்கரில். இந்துஜாவின் கோபம் ஒரு கணம் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. தடுமாறிவிட்டு நின்றது. இரக்கத்துக்கு ஒரு நாள் வரும், வராமல் போகாது, தனியாக உட்கார்ந்து அழுவோம் இரண்டு பேரும். இன்றைக்கு இல்லை. உங்கள் பயத்துக்கு என் பிள்ளை கம்பளியில்லை. வைக்கிறேன் அத்தை என்று வைத்தாள்.

திரையில் எதையெதையோ தொட்டாள். செட்டிங்ஸ், அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று, வெங்காயம் உரிக்கிற மாதிரி. கடைசியில் அந்தச் சின்னப் போன் படம், பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். அமுக்கினாள். இதை அணைத்தால் வெளியிலிருந்து இந்த வண்டியைப் பார்க்கவோ இயக்கவோ முடியாது, நிச்சயமா என்று கேட்டது. நிச்சயமா. ஒன்பது மாதத்தில், கல்யாணமான மூன்று வருஷத்தில், இவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் இந்த வண்டிதான். ஆமாம் என்று அமுக்கினாள். பச்சை சாம்பலானது. பிறகு இருபது வைத்தாள். காற்று கொஞ்சம் தயங்கி, வெதுவெதுத்து, குளிரத் தொடங்கியது. எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது. லாரி உறுமியது. இருபது. ஆட்டோ ஒரு சாண் முன்னேறியது. இருபது.

இந்த முறை பிரதாப்பே கூப்பிட்டான். மீட்டிங்கிலிருந்து, வரியாக இல்லாமல் ஆளாக. "இந்து, என்ன பண்ண நீ? ஆப்ல வண்டியே காட்டல. அம்மா பயந்து போய் கூப்பிட்டாங்க. ஒனக்கு ஒன்னும் ஆகலியே?"

"எனக்கு ஒன்னும் ஆகல. இயலுக்கு நூத்திரண்டு. அத ஆப் காட்டுச்சா?"

"ஏய், என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"கூப்பிட்டேன். நீ மீட்டிங்ல இருந்த."

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். முன்னால் சிமெண்டு லாரி அசைந்து ஒரு வண்டி நீளம் விட்டது, நகர்ந்து மறுபடி நின்றாள், அவன் குரலைப் பாதியில் அணைத்தாள். உடம்பை முறுக்கிப் பின்னால் கையை நீட்டிக் குழந்தையின் கழுத்தைத் தொட்டாள். அனல் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது, அல்லது விரல்தான் குளிர்ந்திருந்ததோ. காலைத் தொட்டாள். பாதம் சில்லென்றிருந்தது. காய்ச்சல் ஏறப்போகிறபோதும் கால் சில்லிடும், படித்திருக்கிறாள். ஏசிக் காற்று பட்டாலும் சில்லிடும். இரண்டில் எது என்று சொல்ல இந்த வண்டியில் எந்தத் திரையும் இல்லை. பையைத் துழாவினாள். டயப்பர், பால் டப்பா, மருந்து, துண்டு, அடியில் உருண்டையாகச் சுருட்டி ஒன்று. சாக்ஸ். இவள் வைக்கவில்லை. எப்போது திணித்தார், சாமியறைக்குப் போகும் முன்பா. வெளியே வீசிவிடத் தோன்றியது, ஜன்னல் பொத்தான் மேல் விரல்கூடப் போய்விட்டது. லாரி மறுபடி கொஞ்சம் நகர்ந்திருந்தது, பின்னால் பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தது. அமுக்கட்டும். ஏசி இருபதிலேயே இருந்தது. இருக்கிற இடத்திலிருந்து எட்டி, ஒரு காலில் ஒன்று, மறு காலில் ஒன்று, மெதுவாக, குதிகால் சரியாக உட்காரும்படி இழுத்து மாட்டினாள். குழந்தை கண்ணை முழுசாகத் திறந்து, தன் காலையும் அம்மாவின் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தது.

"இது நான் போட்டது" என்றாள் இந்துஜா அதனிடம், பல்லைக் கடித்துக்கொண்டு, யாரும் கேட்கிறார்களா என்று பார்க்காமல். "நான் போட்டது, தெரிஞ்சுக்கோ." திரும்பி உட்கார்ந்து, லாரி விட்ட இடத்துக்குள் வண்டியை விட்டாள்.